பனி மாறியோ?

பெண் பார்க்க வந்த அன்று நான் எழுந்தே நிற்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். காபியை அவளே கொண்டுபோய்க் கொடுப்பாள். நான் முன்கூட்டியே பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். வந்தவர்கள் தெருமுனை திரும்பும்வரை அசையக் கூடாது. உட்கார்ந்தால் நானும் மற்றப் பெண்களைப் போலத்தான் இருப்பேன், நின்றால்தான் வம்பு. ஆறடிக்கு அரை விரல்தான் குறைவு.

மாப்பிள்ளை அம்பாசமுத்திரத்துக்காரர். ஆரியசாலையில் அவருடைய மாமா வைத்திருந்த மிளகாய், மல்லி மொத்தக் கடையில் வேலைக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. குள்ளம் என்றால் கோபித்துக்கொள்வார், அதனால் அளவான உயரம் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு நல்லபடியாகவே போய், அவர் சம்மதம் என்று தலையாட்டும் நேரம் பார்த்துச் சுவரிலிருந்து ஒரு பல்லி என் தோளில் விழுந்தது. அலறிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். பல்லி ஓடிவிட்டது. நான் எங்கே ஓடுவது?  மாப்பிள்ளை அண்ணாந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லதாப் போச்சு. பரண்ல இருந்து சாமான் எடுக்க வீட்ல ஆள் வேணும்லா” என்றார்.

அம்மா அன்று மாலையே பஞ்சாங்கத்தை எடுத்துப் பல்லி விழுந்த பலன் பார்த்தாள். நல்ல பலன்தான் போட்டிருந்ததாம்.

அவர் எப்போதும் அப்படித்தான். மனதில் இருப்பதை நேராகச் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. பிடித்திருக்கிறது என்பதற்குப் பரண். புதுச் சேலை கட்டிக்கொண்டு எதிரில் போய் நின்றால், “வத்தல் மூட்டைக்கு இதே கலர்ல சாக்கு வந்திருக்கு” என்பார். அது பாராட்டு என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. அதுவரை நான் போட்ட சண்டையெல்லாம் வீண் சண்டை.

எனக்கு வேலை சாலைக் கடைத்தெருவில் ஒரு திரைச்சீலைக் கடையில். மேல்தட்டிலிருந்து துணிச்சுருளை நின்றபடியே எடுப்பதைப் பார்த்த முதலாளி, நான் சேர்ந்த அன்றே கடையிலிருந்த ஸ்டூலை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். நான் இந்த மலையாள ஊரிலேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தவர் இவர்தான்.

கல்யாணமான புதிதில் இவருக்கு நல்ல காய்ச்சல். படுத்துக் கிடந்து எழுந்து, வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு சேச்சி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து அன்பாகக் கேட்டாள்: “பனி மாறியோ?”

இவர் வானத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். “இங்க ஏதுக்கா பனி? எட்டு மணிக்கே வெயில் கொளுத்துது” என்றார்.

காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்று சேச்சி என்னைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்று அன்று இவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இவரும் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லித் தன்னைத் தானே கேலி செய்துகொண்டார். அதே கேள்வியில் இருந்த மற்றச் சொல்லைப் பற்றி அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. தமிழில் இருக்கிற சொல்தானே என்று இரண்டு பேருமே விட்டுவிட்டோம்.

இரண்டு வருஷம் கழித்துக் கடையில் தையல் வரிகள் எனக்கு இரட்டையாகத் தெரிய ஆரம்பித்தன. கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்று கண் டாக்டரிடம் போனேன். அவர் விளக்கை அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே இடம்விட்டு நகர்ந்திருக்கிறது என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடச் சொன்னார். மூடினேன். கட்டைவிரல் மறுபக்கம் சுண்டுவிரலையும் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் இதைச் செய்துகாட்டி நான் நிறைய மிட்டாய் சம்பாதித்திருக்கிறேன். டாக்டர் மிட்டாய் தரவில்லை.

“ஹார்ட் எப்போழெங்கிலும் நோக்கியிட்டுண்டோ?” என்றார்.

கண்ணுக்கு வந்தவளிடம் இதயத்தை எப்போதாவது சோதித்ததுண்டா என்று கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அவர் கேட்டது சரி. ஸ்கேன் எடுத்தபோது நெஞ்சில் ஒரு வால்வு நன்றாகவே ஒழுகிக்கொண்டிருந்தது.

மார்ஃபன் சிண்ட்ரோம் என்றார்கள். அபூர்வமான வியாதி, பிறவியிலேயே வருவது. உடம்பின் பாகங்களைக் கட்டி வைக்கிற நாரெல்லாம் தளர்ச்சி. அதனால்தான் இந்த உயரம், இந்த விரல், நகர்ந்த லென்ஸ், தொளதொளத்த வால்வு. அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மார்பனா? நெஞ்சு நோவுக்கு மார்பன்னு நல்ல தமிழ்ப் பேராத்தானே வச்சிருக்கா. அப்போ நம்ம நாட்டு வைத்தியரே பாத்துடுவாரே” என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அழுதாள். அப்பாவுக்கும் இதே உயரம், இதே விரல். நான் சிறுமியாக இருந்தபோது, ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். ஏன் என்று அன்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து என் கட்டைவிரல் சொல்லிவிட்டது.

சர்ஜன் ஒரு பெண்மணி. வேகமான மலையாளம், ஆனால் பொறுமையானவர். வால்வை ஒரு தாளில் வரைந்து காட்டினார். வால்வின் இதழ் துணிபோல மிஞ்சித் தொங்குகிறது, பிடித்திருக்கும் நூல்கள் நீண்டுவிட்டன, சுற்றி இருக்கும் வளையம் அகன்றுவிட்டது, அதனால் மூடினாலும் இடைவெளி விழுகிறது. அதிகத் துணியை எடுத்து, நூலைச் சரிசெய்து, புதிதாக ஒரு வளையம் வைத்துத் தைக்க வேண்டும். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. “டாக்டர், இதத்தான் நான் டெய்லி கடையில செய்யறேன். கர்ட்டன் ஆல்டரேஷன்” என்றேன். அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு முக்கியமானதைச் சொன்னார்.

“ரிப்பேர் செய்யான் நோக்காம். பற்றியில்லெங்கில் வால்வ் மாற்றேண்டி வரும்.”

பழுது பார்க்க முயல்வார்கள், முடியாவிட்டால் எடுத்துவிட்டு வேறு வால்வு வைக்க வேண்டிவரும். நெஞ்சைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரியும். என் வயதுக்கு வைப்பதென்றால் உலோக வால்வு. அது டிக் டிக் என்று சத்தம் போடும், சிலருக்குக் காதிலேயே கேட்கும். அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. அந்த மாத்திரையோடு பிள்ளை சுமப்பது தாய்க்கும் ஆபத்து, வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து. அந்த நினைப்பையே விட்டுவிடுவதுதான் நல்லது என்றார். சொந்த வால்வையே சரிசெய்ய முடிந்துவிட்டால், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயும் இப்போதிருக்கும் அளவிலேயே நின்றால், கூடவே இருந்து கவனித்துக்கொண்டு, பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம். அந்தப் பிள்ளைக்கும் இந்த வியாதி வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்.

இவர் அருகில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். முழுப் பேச்சிலிருந்தும் இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது ‘மாற்றேண்டி’ என்ற ஒரு சொல்லைத்தான். மற்றதை நான்தான் வெளியே வந்து தமிழில் சொன்னேன்.

எனக்குப் பிள்ளை வேண்டும். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இந்த விரலை இன்னொரு சின்னக் கையில் பார்த்துவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது, பார்க்க வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. பழவங்காடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இவரிடம் கேட்டேன்: “பாதிக்குப் பாதின்னு சொன்னாங்களே. பூவா தலையா போடற மாதிரி. அப்படி ஒண்ணு வேணுமா நமக்கு?”

இவர் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பாதி என்னைய மாதிரி வந்துட்டா பரண்ல யாரு ஏறுவா? அத நெனச்சாத்தான் கவலையா இருக்கு.”

வேண்டும் என்று அர்த்தம். அதற்குள் எனக்கு அந்த அகராதி மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது. இவர் அப்படியே என்னை அங்கே நிறுத்திவிட்டு எதிரே பிள்ளையார் கோயிலுக்குள் போனார். அங்கே தேங்காய் உடைப்பதுதான் பெரிய வழிபாடு, தடைகள் சிதறிப்போகும் என்பார்கள். திரும்பி வந்து, வால்வை மாற்றாமல் அனுப்பினால் என் உயரத்துக்குத் தேங்காயை அடுக்கி அத்தனையையும் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். உங்கள் உயரத்துக்கு வேண்டியிருந்தால் கொஞ்சம் லாபமாக இருந்திருக்குமே என்றேன். பஸ்ஸில் ஏறியதும் போய் வேறு ஸீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

ஆபரேஷன் அன்று அம்மாவுக்கு ரத்த அழுத்தம் எகிறியதால் அவளை வீட்டிலேயே விட்டுவிட்டோம். வெளியே இவர் மட்டும். உள்ளே போகும்போது என்ன சொல்வாரோ என்று எதிர்பார்த்தேன். “உள்ள ஏசி ஜாஸ்தியா இருக்கும், போத்திக்கோ” என்றார். நெஞ்சைப் பிளக்கப் போகிறவர்களிடம் போர்வை கேள் என்கிறார்.

விழித்தபோது வாயில் குழாய். பேச முடியாது. கை கால் எல்லாம் இருக்கிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை. காதைத்தான் தீட்டிக்கொண்டேன். டிக் டிக் கேட்கிறதா? ஐயோ, அந்த அறையில் கேட்காத சத்தம் எது? ஒரு மெஷின் பீப் என்கிறது, ஒன்று புஸ் என்கிறது, ஒன்று சொட்டுகிறது, எங்கேயோ ஒரு கடிகாரம் வேறு. என் நெஞ்சு எது, மெஷின் எது என்று பிரிக்கவே முடியவில்லை. கடிகாரத்தைக் கண்டுபிடித்தவன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சிஸ்டர் வந்து கன்னத்தைத் தட்டிச் சிரித்தாள். கேட்க எனக்கு வாய் இல்லை.

சாயங்காலம் இவரை உள்ளே விட்டார்கள். பச்சை அங்கி தரையில் புரண்டது, தொப்பி புருவம்வரை இறங்கியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பேன். ஆனால் முகத்தைப் பார்த்தேன். அழுது கழுவிய முகம்.

கட்டில் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏ பிள்ள, மாறிட்டுன்னு சொல்லிட்டாவ. வால்வு மாறிட்டு. போட்டும்.”

 கண்ணை மூடிக்கொண்டேன். ஓரத்தில் கண்ணீர் காதுக்குள் போனது. இவர் பேசிக்கொண்டே போனார், ஒருபோதும் இப்படிப் பேசாதவர்.

“அழாத. கேளு. எனக்குப் பிள்ள வேணும்னு நெனச்சேன், இல்லைங்கல. ஒன்னைய மாதிரி நெட்டையா ஒண்ணு வீட்டுக்குள்ள ஓடணும்னு நெனச்சேன். ஆனா நீ கண்ணு முழிக்கியான்னு வெளிய நின்னேன் பாத்தியா, அப்பத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு நீதான் வேணும். ஒன்னைய விட்டா எனக்கு ஒண்ணும் கிடையாது. ஒன்னைய மொதல்ல பாத்தன்னைக்கே எனக்கு அப்படித்தான். பிள்ளையார் மேல கோவம் இல்ல, ஒன்னைய முழிக்க வச்சுட்டாருல்லா. தேங்கா ஒடச்சிருதேன்.”

பரண் இல்லை, சாக்கு இல்லை. அத்தனையும் நேராக. ஆசைப்பட்டது கையை விட்டுப் போய்விட்டது என்று நம்பிக்கொண்டு, அதை என்னிடம் காட்டாமல், நான் விழித்ததே போதும் என்கிறார். இப்படி ஒரு மனுஷனைத்தான் கட்டியிருக்கிறேனா என்று எனக்கு மூச்சடைத்தது. மூச்சை மெஷின் பார்த்துக்கொண்டதால் பிழைத்தேன்.

அந்த அழுகைக்கு நடுவில்தான் ஏதோ நெருடியது. மாறிட்டு என்கிறாரே. வால்வை எடுத்துவிட்டு வேறு வைத்தால் இங்கே ஒருவரும் ‘மாறி’ என்று சொல்லமாட்டார்களே, ‘மாற்றி’ என்றல்லவா சொல்வார்கள். இவர் உள்ளங்கையைப் பிடித்து விரலால் எழுதினேன். பள்ளிக்கூடப் பழக்கம், மலையாளத்தில் எழுதிவிட்டேன்.

“பிள்ள, ஜிலேபி சுத்துத. எனக்கு இது தெரியாதே” என்றார்.

மறுபடி தமிழில், ஒவ்வோர் எழுத்தாக: என்ன சொன்னாங்க?

“சர்ஜன் அடுத்த கேஸுக்குப் போயிட்டாவ. சிஸ்டர்தான் வந்து சொன்னாவ. ‘வால்வின்டெ லீக் மாறி, பேடிக்கண்டா’ன்னு. எனக்கே புரிஞ்சுட்டு. மேக்கொண்டு நான் கேக்கல. கேட்டா உறுதியாயிருமேன்னு பயம்.”

வால்வின் லீக் மாறி. பயப்பட வேண்டாம்.

பனி மாறியோ!

ஒழுக்கு போய்விட்டது, நின்றுவிட்டது என்று அந்தப் புண்ணியவதி வந்து நல்ல செய்தி சொல்லியிருக்கிறாள். இவர் ‘மாற்றேண்டி’யைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த மனுஷன். மாறி என்றதும் வால்வையே மாற்றியாகிவிட்டது என்று முடிவுகட்டி, சுவரோரம் போய் அழுதிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாயில் குழாய், நெஞ்சில் புதுத் தையல், சிரிக்க வழியில்லை. ஆனாலும் சிரிப்பு உள்ளே எங்கெங்கோ முட்டியது. வலி என்றால் அப்படி ஒரு வலி. மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. சிஸ்டர் ஓடிவந்து, “சேட்டா, மதி, இனி புறத்து நில்க்கூ” என்று இவரை வெளியே தள்ளினாள். போகும்போது இவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் கையை ஆட்டி ஆட்டி இல்லை இல்லை என்று காட்டினேன். எனக்கு அழுகையை நிறுத்த முடியவில்லை என்று புரிந்துகொண்டு, இன்னும் அதிகமாக அழுதுகொண்டே போனார்.

மறுநாள் காலையில் குழாயை எடுத்தார்கள். சர்ஜன் வந்து, சொந்த வால்வுதான், நன்றாக மூடுகிறது, உங்கள் ஆல்டரேஷன் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு இவர் வந்தார். அம்மாவிடம்கூட எதுவும் சொல்லாமல், அந்தத் துக்கத்தை ஓர் இரவு முழுக்கத் தனியாகவே சுமந்திருந்தார்.

எனக்குக் குரல் கரகரத்தது. “பனி மாறியோன்னா என்ன அர்த்தம்?” என்றேன்.

பாவம், மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று நினைத்திருப்பார். “காய்ச்சல் போயிட்டான்னு கேக்கது. அன்னைக்கே சொல்லித்தந்தேல்லா.”

“மாறிட்டான்னா? அந்தக் காய்ச்சல எடுத்துட்டு வேற காய்ச்சல் வச்சாச்சான்னா கேட்டாங்க?”

“அதெப்படி. போயிட்டான்னு...” பாதியில் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது. “அப்போ லீக்கு?”

“போயிட்டு.”

“வால்வு?”

“என்னோடதுதான். பழசுதான்.”

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அங்கிருந்து அந்தப் பச்சைத் தொப்பி குலுங்குவது மட்டும்தான் தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்து எழுந்தார், கண்ணைத் துடைத்தார், இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மெதுவாக, “நேத்து நான் என்னென்னமோ உளறிட்டேன், என்ன?” என்றார்.

“அது மட்டும் மாறக் கூடாது, கேட்டோ. ரெண்டு பாஷையிலயும்.”

தலையைக் குனிந்துகொண்டு, ரொம்பப் பேசாத, தொண்டை வலிக்கும் என்றார். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார்.

தேங்காயை நான் நடமாட ஆரம்பித்த பிறகு உடைத்தார். என்னை ஓரமாக நிறுத்தி அளந்து அடுக்கினார். பாதியிலேயே தோள் வலிக்கிறது என்றார். உங்கள் உயரத்துக்கு வேண்டியிருக்கலாம் என்று நான் மறுபடி சொல்லவில்லை. அவ்வளவு நல்லவளாகிவிட்டிருந்தேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்தப் பெரிய ரத்தக்குழாய் சமர்த்தாக அதே அளவில் இருந்தது. டாக்டர்கள் மாறி மாறி அளந்து பார்த்து, தயங்கி, யோசித்து, கடைசியில் சரி என்றார்கள். கூடவே இருந்து பார்த்தும் கொண்டார்கள். எங்கள் மகளுக்கு இப்போது நடக்கத் தெரியும். பூவா தலையாவில் எங்களுக்கு விழுந்தது என் பக்கம்தான், அவளுக்கும் என் விரல். பிறந்த சில நாளில் இவர் அவளுடைய சின்னக் கையை மூடிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, “பரணுக்குக் கவல இல்ல” என்றார். கண் மட்டும் கலங்கியிருந்தது. ஆனால் அப்பாவைப் போல ஒன்றும் தெரியாமல் இவள் விழப்போவதில்லை. பிறந்ததிலிருந்தே இவளை அளக்கிறோம், கவனிக்கிறோம். இவள் நெஞ்சில் என்ன நடக்கிறது என்று இவளுக்கு முன்னால் எங்களுக்குத் தெரியும்.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்து விடிந்ததும் இறங்கிவிட்டது. இவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அந்த வயதுக்கே கால் இவர் இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. மதிலுக்கு மேல் சேச்சியின் தலை எழும்பியது.

“மோள்க்கு பனி மாறியோ?”

நான் அடுப்பை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். இவர் வானத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், திரும்பி ஜன்னலில் நிற்கும் என்னைப் பார்த்தார்.

“மாறி, சேச்சி. மாறி” என்றார்.